ஒரு டாலருக்குக் கைமாறிய காடு

ஹான்காக், மே 11, 2014

ரெய்னோவுக்கு,

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. கடைசிவரை படித்துவிட்டு வேண்டுமானால் கப்பலிலிருந்து ஏரியில் எறி.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். பிப்ரவரியில் பக்கவாதம் வந்தபோது விழுந்த வலது கை இன்னும் எழவில்லை. வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். பேச்சு மட்டும் நன்றாகத் திரும்பிவிட்டது. இப்போது தொல்லையே அதனால்தான்.

வீட்டுக்கே ஆள் அனுப்பிக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பித்திருந்தேன் அல்லவா? உடம்பைப் பொறுத்தவரை அவருக்குத் தகுதி உண்டு என்று சொல்லிவிட்டார்கள். அடுத்தது சொத்து. கையிருப்பு இரண்டாயிரம் டாலரைத் தாண்டக் கூடாது. குடியிருக்கும் வீடு, ஒரு வண்டி, அடக்கச் செலவுக்கென்று கட்டிவைத்த பணம் ஆகியவற்றை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. வங்கியில் இருந்ததை மருத்துவமனை ஏற்கெனவே தின்றுவிட்டது. அதனால் தடை எதுவும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை அந்த அலுவலகத்திலிருந்து டெனிஸ் பெல்கி என்ற பெண் வந்தாள். நல்ல மாதிரி. அப்பா எடுத்தவுடனே காபி குடிக்கச் சொன்னார்.

"வேண்டாங்க. நாங்க வீடுகள்ல எதுவும் வாங்கிக்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

"அப்படின்னா அந்த விதிகிட்டயே போய்க் கேள்வி கேளு. காபி குடிக்காதவங்ககிட்ட நான் பேசறதில்ல."

முக்கால் மணி நேரம் அவர் வாயைத் திறக்கவே இல்லை. பாவம், அவள் கடைசியில் கோப்பையை எடுத்தாள். ஏலக்காய் ரொட்டியும் ஒரு துண்டு தின்றாள். அவ்வளவுதான், அப்பாவுக்கு அவள் சொந்தக்காரி ஆகிவிட்டாள்.

"வேற நிலம், வீடு ஏதாவது உண்டா?"

"இப்ப ஒண்ணுமில்ல. என் நாப்பது ஏக்கர் காட்டை மகனுக்குக் குடுத்துட்டேன். அத்தனையும் மேப்பிள் மரம், தாயி. நடுவுல ஓடை. காட்டு வீடு இருக்கு, அதுலயே நீராவிக் குளியலுக்குச் சவுனா இருக்கு. மான் வேட்டைக்கு இந்த ஜில்லாவுலயே அப்படி ஒரு இடம் கிடையாது. அம்பதாயிரத்துக்குக் கண்ண மூடிட்டு வாங்குவான்."

"மகன் எவ்வளவு குடுத்தாரு?"

"ஒரு டாலர்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். இங்கே எல்லா அப்பன்களும் அப்படித்தான் எழுதிக்கொடுக்கிறார்கள், அவர் என்ன கண்டார். டெனிஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஐந்து வருடத்துக்குள் இனாமாகக் கொடுத்த சொத்து, கொடுத்தவர் கையிலேயே இருந்து செலவாகியிருக்க வேண்டிய பணம் என்று அவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். நீ வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. அவர்கள் கணக்கில் ஐம்பதாயிரம் என்பது ஆறு மாதச் செலவு, அதனால் அந்த ஆறு மாதத்துக்குத் திட்டம் எதுவும் தராது.

எனக்கு ஆகஸ்ட் கடைசியோடு விடுமுறை முடிகிறது. லான்சிங்கில் நான் பாடம் நடத்தும் கல்லூரி திறந்துவிடும். அதற்குள் ஆள் ஏற்பாடாகாவிட்டால் அவரை முதியோர் இல்லத்தில்தான் விட வேண்டும். அம்மா கடைசியாக இருந்த அதே இல்லம். மே மாதத்திலேயே உனக்கு இதைச் சொல்லிவிடுகிறேன்.

மிர்யா

*

கப்பலில், மே 24

அக்கா,

உன் கடிதம் டெட்ராய்ட்ல வந்து சேர்ந்துச்சு. தபால் படகு பக்கத்துல வந்ததும் நாங்க கயித்துல வாளிய இறக்குவோம். அதுல எனக்கு வந்தது பல் டாக்டர் பில்லும் நீயும்.

நீ நேரா கேக்கல. ஆனா கேக்குறது என்னன்னு தெரியுது. காட்டத் திருப்பிக் குடுங்கிற.

அது இனாம் இல்ல. அந்தக் காட்டு வீட்டுக்குக் கூரை போட்டது யாரு? அடியில உளுத்துப்போன மரத்தையெல்லாம் மாத்துனது யாரு? சவுனா அடுப்ப வெல்டிங் வச்சு நானே செஞ்சேன். பத்து வருஷமா குளிர்காலத்துல ஏரி உறைஞ்சு கப்பலக் கரையில கட்டிப்போட்டதும் நேரா அப்பாகிட்டதான் வந்தேன். கூரையில பனி தள்ளுனேன், விறகு பொளந்தேன். நீ கிறிஸ்துமஸுக்கு வருவ. மூணு நாள் இருப்ப. முதல் நாளே திரும்பிப் போற ரோடு எப்படி இருக்குன்னு ரேடியோ கேப்ப.

அந்த வேலைக்கெல்லாம் கூலி போட்டா அம்பதாயிரம் தாண்டும். அத உன் டெனிஸ்கிட்ட சொல்லு. நீ புள்ளியியல் வாத்தியார்தானே, கணக்குப் போட்டுக் காட்டு. இந்தச் சட்டமெல்லாம் தலைநகரத்துல, உங்க லான்சிங்லதான் போடுறாங்க. நான் போடல.

அப்பாவ அந்த இல்லத்துக்கு அனுப்பாத. அத மட்டும் செஞ்சுடாத.

ரெய்னோ

*

ஹான்காக், ஜூன் 6

ரெய்னோவுக்கு,

ரேடியோ கேட்பது உண்மைதான்.

நீ சொன்னதை டெனிஸிடம் சொன்னேன். கூரை, அடிமரம், அடுப்பு, பனி, விறகு, எதையும் விடவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒப்பந்தம் எழுதினாங்களா?"

சிரித்துவிட்டேன். அப்பாவும் நீயும் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தம்! உங்கள் இருவருக்கும் நடுவே ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை ஓடினால் அதிகம்.

ஒப்பந்தம் இல்லாமல் சொந்தக்காரர்கள் செய்யும் வேலையெல்லாம் அன்பினால் செய்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்களாம். அன்பை விலையில் கழிக்க முடியாது. விதிப் புத்தகத்தில் அந்தச் சொல்லே இருக்கிறது, காட்டினாள். அரசாங்க அச்சில் அந்தச் சொல்லை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதுவும் நமக்கு எதிராகத்தான் நின்றது.

வழி இரண்டுதான். ஒன்று, அந்த ஆறு மாதமும் நாமே ஆள் வைப்பது. பகல் முழுவதும் என்றால் மாதம் நாலாயிரத்துக்கு மேல் ஆகும். உன் சம்பளத்தில் பாதி உன் மகள்களின் செலவுக்குப் போகிறது. என்னுடையதில் வீட்டுக்கடன் போக மீதி என்னவென்று நீ கேட்டதில்லை, நானும் சொல்லவில்லை. இன்னொன்று, நீ காட்டை அப்பா பெயருக்கே திருப்பி எழுதுவது. எழுதினால் அந்த ஆறு மாதத் தடை ரத்தாகிவிடும். பிறகு அதை நியாயமான விலைக்கு விற்று, வந்த பணத்தை அவருக்கே செலவழித்துவிட்டு, மறுபடி விண்ணப்பிக்கலாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்டின் மேல் எனக்கு ஆசை இல்லை. நீ நினைக்கிற பொறாமையும் இல்லை. பொறாமைப்படுவதற்கு நான் அதைச் சரியாகப் பார்த்திருக்க வேண்டும். சிறு வயதில் இரண்டு தடவை போனதோடு சரி. நவம்பரில் நீங்கள் துப்பாக்கியும் உப்புக்கண்டமுமாகக் கிளம்புவீர்கள். அம்மாவும் நானும் ஜன்னலிலிருந்து பார்ப்போம். 'நீயும் வா' என்று யாரும் கூப்பிட்டதில்லை.

இன்று காலை அப்பாவைக் குளிப்பாட்டும்போது கீழே விட்டுவிட்டேன். அடி இல்லை. தரையில் உட்கார்ந்தபடியே, "ரெய்னோ இருந்தா தூக்கிடுவான்" என்றார். இரண்டு பேரும் தரையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

மிர்யா

*

கப்பலில், ஜூன் 21

அக்கா,

தலைமாலுமிகிட்ட கேட்டேன். அவன் அம்மாவுக்கும் இதே கதைதானாம். அவன் சொன்னான், "சொத்து இல்லாதவனுக்கு உதவி கிடைக்கும். சொத்து நெறைய இருக்கறவனுக்கு உதவி வேண்டாம். நடுவுல ஒரு காட்டு வீடு வச்சிருக்கான் பாரு, அவன்தான் செத்தான்."

ஒப்பந்தம் எழுதல. சரி. அப்படின்னா நீ இப்ப செய்யறதுக்கும் ஒப்பந்தம் இல்லதானே? நீயும் அன்புதான். வா, வரிசையில நில்லு.

திருப்பி எழுதிக் குடுக்கறேன்னு நான் இன்னும் சொல்லல. யோசிக்கறேன்னுதான் சொல்றேன். இங்க ராத்திரி சுக்கான் பிடிக்கறப்ப யோசிக்கறதத் தவிர வேற வேல இல்ல. முப்பது வருஷமா நான் தூங்குற இடமெல்லாம் கம்பெனிக்காரனோடது. இல்லாட்டி அப்பாவோடது. இல்லாட்டி பொண்டாட்டியா இருந்த கரோலோடது, அதையும் விவாகரத்துல அவ வெட்டிக்கிட்டுப் போயிட்டா. என் பேர் போட்ட வாசல் அது ஒண்ணுதான். வயசாகி எறங்குனதும் அங்க போய் உக்காரலாம்னு இருந்தேன்.

அப்பாகிட்ட சொன்னியா? அவரு என்ன சொல்றாரு?

ரெய்னோ

*

ஹான்காக், ஜூலை 2

ரெய்னோவுக்கு,

சொன்னேன். சொல்லாமல் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நீ கேட்ட பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"குடுத்தத எப்படித் திருப்பி வாங்கறது? நான் என்ன கடைக்காரனா?" என்றார். பிறகு, "நான் இல்லத்துக்கே போறேன். பையன் காடு பையன்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

அன்று சாயங்காலமே பெட்டியை எடுத்து வைக்கச் சொன்னார். அவருக்கு வீராப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. அம்மாவின் பழைய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இடது கையாலேயே சட்டைகளை மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சட்டைகூட மடியவில்லை.

"எனக்குப் பழகிடும், மிர்யா. உங்கம்மாவுக்குப் பழகலியா?"

அம்மாவுக்குப் பழகவில்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அங்கே போகும்போதெல்லாம் அம்மா மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பாள், வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறோம் என்று.

நான் உன்னை வற்புறுத்தவில்லை. வற்புறுத்துவதற்கும் தெம்பு வேண்டும். நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான். பெட்டி இன்னும் கூடத்தில் இருக்கிறது. நான் உள்ளே எடுத்து வைக்கவும் இல்லை, அடுக்கவும் இல்லை.

மிர்யா

*

சூப்பீரியர் துறைமுகம், ஜூலை 15

அக்கா,

இங்க இரும்புத் தாது ஏத்த ஒரு நாள் நின்னோம். எறங்கிப் போய் ஒரு வக்கீலப் பாத்தேன். காட்ட அப்பா பேருக்குத் திருப்பி எழுதுன பத்திரம் உள்ள இருக்கு. நோட்டரி முத்திரையும் போட்டாச்சு.

வக்கீல் எவ்வளவுக்குன்னு கேட்டான். ஒரு டாலர்னு போடுன்னேன். அப்பாகிட்ட வாங்கி வை.

பெட்டிய உள்ள எடுத்து வை.

ரெய்னோ

*

ஹான்காக், செப்டம்பர் 19

ரெய்னோவுக்கு,

காடு விற்றுவிட்டது. கிரீன் பேயில் பல் மருத்துவராக இருப்பவர் வாங்கினார். மதிப்பீட்டாளர் சொன்ன விலைக்கு ஐந்நூறு குறைவு. அதற்கும் டெனிஸ் ஒரு விளக்கக் கடிதம் கேட்டாள், எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் ஒன்றும் மோசமில்லை. "அடுப்பு யார் செஞ்சது? இப்படி ஒண்ணு கடையில கிடைக்காதே" என்று கேட்டார். என் தம்பி என்றேன்.

மதிப்பீட்டாளருக்குக் கதவு திறந்துவிட நான்தான் போனேன். வழி தெரியாமல் இரண்டு தடவை சுற்றினேன். வெறும் பலகை வீடு, எலி நாற்றம், சுவரில் பழைய காலண்டர். இதற்காகவா இத்தனை வருடம் என்று முதலில் தோன்றியது. அவர் வெளியே அளந்துகொண்டிருந்தபோது நான் சவுனாவுக்குள் போய் உட்கார்ந்தேன்.

சுவரில் நீ பொருத்தியிருந்த கைப்பிடிகளை அப்போதுதான் பார்த்தேன். கதவருகில் ஒன்று, மேல் பலகைக்கு ஏறும் இடத்தில் ஒன்று, அடுப்புக்கு எதிரே ஒன்று. பிர்ச் மரம். மூன்றும் கை பட்டுப் பட்டு வழவழப்பாகியிருந்தன. படியைக்கூட இரண்டாகப் பிரித்துத் தாழ்வாகப் போட்டிருக்கிறாய். பக்கவாதத்துக்கு ரொம்ப முன்பு, அவருக்கு முழங்கால் வலி ஆரம்பித்த காலத்தில் வைத்திருக்க வேண்டும். நீயும் சொல்லவில்லை. 'எதுக்குடா இது' என்று அவரும் கேட்டிருக்க மாட்டார்.

நீ ஒப்பந்தம் எழுதியிருக்க வேண்டும், ரெய்னோ.

கட்டிடத்தோடு பொருத்தியது எல்லாம் வாங்குகிறவருக்குத்தான் போகும் என்று விற்பனைத் தாளில் இருக்கிறது. அது கையெழுத்தாவதற்கு முந்தின நாளே போய் மூன்றையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். விதியைப் படித்ததற்கு இந்த ஒரு பலனாவது கிடைத்தது. அடுப்பை என்னால் தூக்க முடியவில்லை.

பணத்தை என்ன செய்யலாம் என்றும் கேட்டேன். யாருக்கும் கொடுக்கக் கூடாது, ஆனால் அவர் குடியிருக்கும் வீட்டில் செலவழிக்கலாம். வெளியே போக அவருக்கு இப்போது சக்கர நாற்காலி வேண்டியிருக்கிறது, அதனால் வாசலுக்குச் சாய்தளம் போட்டாயிற்று. குளியலறைக் கதவை அகலப்படுத்தியாயிற்று. கூரை மாற்றியாயிற்று, இந்தத் தடவை ஆள் வைத்து. நம் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பழைய சவுனாவுக்குச் சக்கர நாற்காலி நுழைகிற அளவு கதவும் புது அடுப்பும் வைக்கலாமா என்று டெனிஸைக் கேட்டேன். "அது குளிக்கற இடம்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டாள்.

லான்சிங்குக்கு நான் போகவில்லை. இங்கேயே கல்லூரியில் இரண்டு வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் பாதிகூட இல்லை. அதைப் பற்றி நீ எதுவும் எழுத வேண்டாம்.

மிர்யா

*

கப்பலில், அக்டோபர் 4

அக்கா,

எழுத வேண்டாம்னு சொன்னத எழுதல.

பல் டாக்டர்கிட்ட சொல்லு, அந்த அடுப்புக்கு ஈர விறகு போட்டாப் புகையும். ஓடைக்கு வடக்குல விழுந்து கெடக்கற மேப்பிள்தான் நல்லா எரியும். சொல்லாட்டியும் பரவால்ல. அவனே தெரிஞ்சுக்கட்டும்.

காட்டுக்கு நான் உன்னக் கூப்பிட்டிருக்கணும். எனக்குத் தோணல. அப்பாவுக்கும் தோணல. நீ வரமாட்டேன்னு எல்லாருமே நெனச்சுக்கிட்டோம். யாரும் கேட்டுப் பாக்கல.

காத்து நல்லா அடிக்குது. அடுத்த தபால் எப்ப வருமோ தெரியாது.

ரெய்னோ

*

ஹான்காக், டிசம்பர் 3

ரெய்னோவுக்கு,

வந்துவிட்டது. டிசம்பர் முதல் தேதியிலிருந்து அப்பாவுக்குத் தகுதி உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டேன். சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. முதுகு வலித்தது.

ஷெரில் என்று ஒரு பெண் காலையில் வந்து பிற்பகல்வரை இருக்கிறாள். முதல் நாள் அவளும் காபி வேண்டாம் என்றாள். நான் வாசலிலேயே பிடித்துச் சொல்லிவிட்டேன், "விதி எனக்கும் தெரியும். ஒரு வாயாவது குடிச்சுடு, இல்லாட்டி உன்ன உள்ளயே விடமாட்டார்." குடித்தாள். எங்கள் இருவருக்கும் அது தெரியும், திட்டத்துக்குத் தெரியாது.

வருடா வருடம் இதே கேள்விகளை மறுபடியும் கேட்பார்களாம். அவருக்காகச் செலவான பணத்துக்கு ஈடாக, அவர் காலத்துக்குப் பிறகு இந்த வீட்டின் மேலும் அரசாங்கம் கை வைக்கலாம். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கென்று ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். ஆனால் அவர் தன் கட்டிலில் படுத்திருக்கிறார்.

சவுனாவுக்குப் புதுக் கதவும் அடுப்பும் வந்துவிட்டன. ஆனால் ஷெரில் அவரை அங்கே கூட்டிப்போகக் கூடாதாம். சூட்டறைக்கு அனுமதி இல்லை, குளியலறையில் குழாயில்தான் குளிப்பாட்ட வேண்டுமாம். என்னால் அவரைத் தனியாகத் தூக்க முடியாது. சனிக்கிழமைதோறும் சவுனாவில் உட்கார்ந்தவர் பிப்ரவரியிலிருந்து ஒரு தடவைகூட உட்காரவில்லை. கேட்பதும் இல்லை. சாயங்காலமானால் நாற்காலியை அந்த ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்கிறார்.

இத்துடன் ஒரு டாலர் இருக்கிறது. ஜூலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார், "அவனுக்குக் குடுத்தாச்சா?" என்று. செலவுக் கணக்கில் அதையும் எழுதியிருந்தேன். டெனிஸ் இது என்ன என்று கேட்டாள். காடு வாங்கிய விலை என்றேன். ஒரு சரி போட்டாள்.

கைப்பிடிகளை இந்த வார இறுதியில் பொருத்தலாம் என்றிருக்கிறேன். பழைய இடத்தில் இருந்த மாதிரியே உயரமெல்லாம் அளந்து வைத்திருக்கிறேன்.

மிர்யா

*

கப்பலில், டிசம்பர் 17

அக்கா,

டாலர் கிடைச்சுது. சமையக்காரன் பாத்துட்டு, "யாருடா உனக்கு இவ்வளவு பெருசா அனுப்புறா?"ன்னான். காடு வித்த காசுன்னேன். சிரிச்சான். நானும் சிரிச்சேன்.

இந்த வாட்டி பனிக்கட்டி சீக்கிரமே வருது. ஜனவரி நடுவுல கப்பலக் கட்டிடுவாங்க. நேரா வர்றேன். மார்ச் வரைக்கும் சனிக்கிழமை என் பொறுப்பு. நீ அந்த நாளெல்லாம் எங்கயாவது போ. இல்லன்னா நீயும் சவுனாவுக்கு வா. எங்களுக்கு அப்பறம் உன் முறை, சூட்ட விட்டு வைக்கறேன்.

கைப்பிடிய மாட்டிட்டியா? மாட்டலேன்னா தொடாத. நீ அளந்து வச்சது அத்தனையும் வலது கைக்கு. அந்தக் காட்டு வீட்டுல அவரு வலது கையாலதான் பிடிச்சு ஏறுவாரு. இப்ப எல்லாத்தையும் இடது பக்கம் மாட்டணும். படியையும் அந்தப் பக்கம் திருப்பணும்.

நான் வந்து மாட்டுறேன். நீ திருகாணியக் கோணலாப் போடுவ.

ரெய்னோ